வெறும் வயிறு

"இவ்வளவு நாளா இந்தப் பிள்ளைய எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தே?"

ஊசி சிஸ்டர் ஒருநாள் அவளை இப்படிக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஒளிந்து விளையாடும் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டவர் போல லேசாகச் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவளுக்குப் பதில் தெரியாமல் இல்லை, சொல்ல வாய் வரவில்லை. முந்தானைக்குள் ஒளித்தாள். உப்பளத்து வரப்பில் நாலு கம்பு நட்டுக் கட்டிய தூளிக்குள் ஒளித்தாள். யாராவது குனிந்து பார்க்க வந்தால், "வெயில் ஆகாதுக்கா, கண்ணு கூசும்" என்று துணியை இழுத்துவிட்டாள். உப்பளத்தில் வெயிலுக்குப் பயந்த பிள்ளையை யார் கண்டார்கள்? ஆனாலும் கேட்டவர்கள் அதற்குமேல் கேட்கவில்லை. அவர்களுக்கும் எப்படியோ தெரிந்திருந்தது.

மேலுதடு நடுவில் பிளந்து மூக்குவரை போயிருந்தது. வாயைத் திறந்தால் உள்ளே அண்ணமும் இரண்டாகப் பிரிந்து, மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் சுவரே இல்லாத வீடு மாதிரி இருந்தது. பால் கொடுத்தால் பாதி மூக்கு வழியாக வந்துவிடும். மார்பைப் பிடித்து உறிஞ்சப் பிள்ளைக்கு வராது. பசியில் அழும், அழுது களைத்துத் தூங்கும், எழுந்து மறுபடியும் அழும். இவள் மார்பு கல்லாகக் கனக்கும். பிள்ளையின் வயிறோ முதுகோடு ஒட்டிக்கிடக்கும்.

ஊசி சிஸ்டருக்கும் மணி சிஸ்டருக்கும் சொந்தப் பெயர்கள் உண்டு. அவை உப்பளத்துக்காரர்களின் நாக்கில் நிற்கவில்லை. மருந்துப்பெட்டியோடு வருகிறவர் ஊசி சிஸ்டர் ஆனார். கைமணியும் சிலேட்டுமாக வருகிறவர் மணி சிஸ்டர் ஆனார். இருவரும் வாரத்தில் ஒருநாள் மிஷன் வேனில் வருவார்கள். அந்த வேன் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிடும். உப்புக் குடோனின் தகரக் கூரைக்கடியில் ஒரு கோடியில் மருந்து, மறுகோடியில் பாடம். இந்தப் பக்கம் ஊசி போட்ட பிள்ளைகள் கத்த, அந்தப் பக்கம் பிள்ளைகள் அ, ஆ கத்த, வெளியே கூலி ஆட்கள் உப்பு மூட்டையை வேண்டுமென்றே தொப்பென்று போட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

அப்படி வேடிக்கை காட்டுகிறவர்களில் முதல் ஆள் அவள் புருஷன்தான். மூட்டை தூக்குகிறவன். கழுத்து, தோள் எல்லாம் உப்புக் கசிந்து தோல் தடித்துப்போனவன். ஆனால் வாய் மட்டும் ஓயாது. கூட்டமாக நின்று சுமக்கும்போது அவன் இல்லாவிட்டால் மூட்டை கூடுதலாகக் கனக்கிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். மேஸ்திரி சிரித்தே பார்த்ததில்லை என்று யாரோ சொன்னதற்கு, "பாவம், அவரு சிரிச்சா மழை வந்துடும், உப்பெல்லாம் கரைஞ்சிடும். நம்ம பொழப்புக்காகத்தான் அடக்கிட்டு இருக்காரு" என்றான். அது மேஸ்திரி காதுக்கே போய், அவரும் அன்றைக்குக் குடோனுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார் என்று பேச்சு.

அந்த வாய் வீட்டு வாசலோடு நின்றுவிடும். பிள்ளை பிறந்த அன்றைக்குத் துணியை விலக்கிப் பார்த்தவன், திரும்ப மூடிவிட்டு வெளியே போய் நின்றான். அதற்குப் பிறகு அவன் பிள்ளையைத் தூக்கியதில்லை. திட்டியதும் இல்லை. அவளைக் குறை சொன்னதும் இல்லை. சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பான், மண்ணெண்ணெய் தீர்ந்தால் வாங்கிவருவான், கூரை ஒழுகினால் ஏறி அடைப்பான். பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் அவனுக்கு வெளியில் ஏதாவது ஒரு வேலை இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை, "உன் புருஷன் பிள்ளை மூஞ்சிய பாக்கறானாடி?" என்று நேராகவே கேட்டாள். "பாக்காம என்ன, ராத்திரி தூங்கறப்போ பாப்பாரு" என்று இவள் சொன்னாள். அது பொய். ஆனால் சொல்லிவிட்ட பிறகு, ஒருவேளை உண்மையாக இருக்குமோ என்று அவளே தூங்காமல் விழித்திருந்து பார்த்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

ஊசி சிஸ்டர் முதல் வேலையாக அவளுக்குப் பால் புகட்டக் கற்றுக்கொடுத்தார். மடியில் படுக்கவைக்கக் கூடாது, நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். பாலைப் பீய்ச்சி, பாலாடையில் ஊற்றி, அந்த மூக்கு நீண்ட கிண்ணத்தைக் கன்னத்தின் உள்பக்கமாகச் சாய்த்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒவ்வொரு மடக்குக்கும் நிறுத்த வேண்டும். "அவசரப்பட்டா மூக்குல வரும். மூக்குல வர்றது பரவாயில்ல. நெஞ்சுக்குள்ள போச்சுன்னாதான் ஆபத்து" என்றார். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருக்கும்போதே அவள் பலகையை வரப்பில் போட்டுவிட்டு ஓடுவாள். கையில் உப்பு இருக்கும். உப்புக்கையோடு பிள்ளையைத் தொட்டால் எரியும் என்று குடிக்க வைத்திருக்கும் தண்ணீரில் கையைக் கழுவுவாள். மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். அந்தத் தண்ணீர் தலைக்கு இவ்வளவு என்று வருகிற தண்ணீர். அவள் கழுவிய நாட்களில் குடிக்காமல் இருந்துகொள்வாள்.

மிஷன் ஆஸ்பத்திரிக்கு வருஷத்தில் ஒருமுறை, மழை விட்டுக் காற்று திரும்புகிற சமயத்தில், வெளியிலிருந்து டாக்டர்கள் வருவார்கள். ஒரு வாரம் தங்கி, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு உதட்டையும் அண்ணத்தையும் தைத்துவிட்டுப் போவார்கள். காசு வாங்குவதில்லை. பிள்ளை போதுமான எடை இருக்க வேண்டும், சளி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ அவளுக்கு எட்டவில்லை. முதல் வருஷம் எடை போதவில்லை. வேனில் தொங்கும் தராசுத் தொட்டிலில் பிள்ளையைப் போட்டுவிட்டு, முள் இன்னும் கொஞ்சம் நகராதா என்று அவளும் சிஸ்டரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்த வருஷம் எடை வந்தது, கூடவே சளியும் வந்தது. அதற்கடுத்த வருஷம் டாக்டர்களே வரவில்லை. இப்போது பிள்ளைக்கு மூன்று வயது தாண்டிவிட்டது.

பேச்சும் வந்தது. வந்ததெல்லாம் மூக்கு வழியாக வந்தது. பிள்ளை சொல்வது அவளுக்கு மட்டும் புரியும். தண்ணீர் என்றால் ஒரு ம்ம், காக்கா என்றால் இன்னொரு ம்ம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குப் பட்டப்பகல் மாதிரித் தெரியும், மற்றவர்களுக்கு இரண்டும் ஒரே முனகல்தான். மணி சிஸ்டர் பாடத்துக்கு அனுப்பச் சொல்லி வற்புறுத்த, அவள் ஒருநாள் அனுப்பிவைத்தாள். பெரிய பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. மணி சிஸ்டர் முன்வரிசையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார். ஒரு சின்னப் பையன்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கு வாய் கிழிஞ்சிருக்கு, தச்சு விடுங்க டீச்சர்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை அழவில்லை. தன் கவுனின் விளிம்பை இழுத்து வாயை மூடிக்கொண்டது. துணியால் மூடிக்கொள்ள அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறந்த நாளிலிருந்து அம்மா செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவள் தன் பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடவில்லை. ஆனால் பிள்ளை மூடிக்கொள்வதை நிறுத்தவில்லை.

அந்த வருஷம் எல்லாம் கூடிவந்தது. எடை இருந்தது, சளி இல்லை, டாக்டர்கள் வருவதாகத் தகவலும் வந்தது. ஊசி சிஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, குடோன் சுவரில் சாய்ந்துகொண்டு, வழக்கமான சிரிப்பு இல்லாமல் பேசினார். பெரிய டாக்டருக்கு வயதாகிவிட்டதாம். இனி வரமாட்டாராம். அவருக்குப் பின்னால் வேறு யாராவது வருவார்களா என்பது யாருக்கும் தெரியாதாம். பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் செய்வார்கள்தான். ஆனால் அங்கே மாதக்கணக்கில் அலைய வேண்டும், தங்க வேண்டும். உப்பளத்தில் ஒரு வாரம் வராவிட்டாலே பாத்தி வேறு ஆளுக்குப் போய்விடும்.

"உதட்டை எப்ப வேணும்னாலும் தைக்கலாம்மா. அண்ணத்தை இந்த வயசுல மூடினாத்தான் பேச்சு திரும்பும். தள்ளிப்போச்சுன்னா ஓட்டை மூடும், பேச்சு இப்படியே நின்னுடும்."

"இந்தத் தடவை விடமாட்டேன் சிஸ்டர்."

"நீ விடமாட்டே. உன்ன எனக்குத் தெரியும். ஆனா அப்பாவும் வரணும். ரெண்டு பேரும் சம்மதம்னு கைநாட்டு வச்சாத்தான் டாக்டர் தொடுவாரு."

அன்று ராத்திரி சாப்பாடு போட்டுவிட்டு, எதிரில் உட்காராமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் தட்டிலிருந்து கையை எடுத்தான்.

"வலிக்குமா அதுக்கு?" என்றான்.

"மயக்கம் குடுத்துடுவாங்களாம். தெரியாதாம்."

"சரி" என்றான். மீதியைச் சாப்பிட்டான். அந்தப் பிள்ளையைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தது அதுதான் முதல்தடவை என்பது, பாத்திரம் கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மிஷன் வேனில்தான் போனார்கள். வேறு வேறு ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வாய். அவளுக்கு அதைப் பார்த்ததும் என்னவோ ஒரு நிம்மதி வந்தது. இவ்வளவு பேர் இருக்கிறார்கள், எல்லோரும் எங்கே ஒளித்து வைத்திருந்தார்களோ. அவள் பிள்ளை மற்றப் பிள்ளைகளைக் கண் கொட்டாமல் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் வாயை மூட மறந்துபோனது.

வார்டு நீளமான கூடம். சுவரில் பாதி உயரம்வரை பச்சை வண்ணம், அதற்குமேல் வெள்ளை. இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் துணி மூட்டை. பெண்களும் பிள்ளைகளும் மட்டும்தான் உள்ளே. ஆண்கள் கேட்டுக்குப் பக்கத்தில், டீக்கடையை ஒட்டி இருந்த ஷெட்டில் படுத்துக்கொள்ள வேண்டும். சிஸ்டர்மார் சட்டம் அது, யாருக்கும் விலக்கு இல்லை. அவள் புருஷன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். போன கொஞ்சநேரத்தில் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. புது ஆட்கள் கிடைத்துவிட்டார்கள், வாய் திறந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டில்காரி செங்கல் சூளையிலிருந்து வந்தவள். மடியில் ஒரு கைப்பிள்ளை, வாய் நிறையப் பேச்சு. வந்து உட்கார்ந்த உடனே, "உங்க வீட்டுக்காரர் கையெழுத்தா, கைநாட்டா?" என்று கேட்டாள்.

"கைநாட்டு."

"எங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவாரு. போட்டு முடிக்கறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துடுவேன்."

ஆபரேஷன் நடந்த பிள்ளைகள் கடைசி வரிசையில் படுத்திருந்தார்கள். உதட்டில் கறுப்புத் தையல், கன்னம் வீங்கி, கையை முகத்துக்குக் கொண்டுபோகாதபடி முழங்கையில் அட்டை வைத்துக் கட்டியிருந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் திரும்பத் திரும்பப் போய் அந்தத் தையலைப் பார்த்துவிட்டு வந்தாள். பிளவு இருந்த இடத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான், வெறும் கோடு.

சாயங்காலம் டாக்டர்கள் வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரிய டாக்டர் மெலிந்த மனிதர். அவள் பிள்ளையின் வாய்க்குள் சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, ஊசி சிஸ்டரிடம் தலையை ஆட்டினார். நாளைக்கு, கடைசி நாள், இரண்டாவது ஆள். டாக்டர்கள் மத்தியானமே கிளம்பி ரயிலைப் பிடிக்க வேண்டும். அதனால் காலையிலேயே முடித்துவிடுவார்களாம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஊசி சிஸ்டர், மறுநாள் முறை வந்த தாய்மாரைக் கூட்டிவைத்துப் பேசினார். கையில் சிவப்புத் துணி நாடாக்கள். ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் ஒன்றைக் கட்டினார். இந்தச் சிவப்பு கட்டிய பிள்ளைக்கு விடியும்வரை, ஆபரேஷன் முடியும்வரை, ஒன்றும் கொடுக்கக் கூடாது. பால் கூடாது, ரொட்டி கூடாது, பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் அது மேலே வந்து நெஞ்சுக்குள் இறங்கிவிடும், பிள்ளை எழுந்திருக்காது. பசிக்கும், அழும், கேட்கும். கல் நெஞ்சாக இருக்க வேண்டும். ஆயாவும் அடுப்படிக்காரரும் யாரும் சிவப்பு கட்டிய பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார்கள், எல்லோருக்கும் சொல்லியிருக்கிறது.

"எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிடணுமா சிஸ்டர்?" என்று சூளைக்காரி கேட்டாள்.

ஊசி சிஸ்டர் நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார், "அவரு என்னிக்கு ஊட்டியிருக்காரு, நாளைக்குக் காலைல எழுந்து ஊட்டறதுக்கு?"

கூடம் முழுக்கச் சிரித்தது. ஒருத்தி, "அவருக்கே நான்தான் ஊட்டணும்" என்றாள். இன்னொருத்தி, "எங்க ஆளுக்குப் பிள்ளை எந்தப் பக்கம் சாப்பிடும்னே தெரியாது" என்றாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அவள்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிஸ்டர் செபம் சொன்னார். ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளின் வாயைத் திறந்தருளும் என்றார். அவளுக்கு எந்தச் சாமியைக் கும்பிடுவது என்ற கணக்கெல்லாம் இல்லை. மற்றவர்கள் கையைக் கூப்பியபோது அவளும் கூப்பினாள்.

விடிந்தபோது கூடம் அழுகையால் நிறைந்திருந்தது. சிவப்பு கட்டிய பிள்ளைகள் எல்லாம் பசியில் கத்தின. சிவப்பு கட்டாத பிள்ளைகளுக்கு ஆயா பால் ஊற்றிக்கொண்டு போனாள். அவள் பிள்ளை அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு, கையை நீட்டி, அவளுக்கு மட்டும் புரிகிற அந்த ஒலியைச் சொன்னது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது. மறுபடியும் சொன்னது.

ஆயா வந்து அவசரப்படுத்தினாள். ஆபரேஷன் அறைத் தாழ்வாரத்துக்கு வருகிற தாய்மார் குளித்து, அவர்கள் கொடுக்கிற வெளுத்த அங்கியைப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். குளியலறையில் வரிசை நின்றது. பிள்ளையை யாரிடம் விடுவது? சூளைக்காரி தன் பிள்ளையோடு முதல் ஆளாகத் தாழ்வாரத்துக்குப் போயிருந்தாள். இவள் இடுப்பில் பிள்ளையோடு கூடத்து வாசலில் நின்றபோது, கம்பிக் கதவுக்கு வெளியே அவள் புருஷன் நின்றான். இரவு சரியாகத் தூங்காத கண்.

"ஏன் இப்படிக் கத்துது?" என்றான்.

"காலைலயே எழுந்துட்டா. நான் குளிக்கணும்."

அவன் அங்குமிங்கும் பார்த்தான். பிறகு கதவிடுக்கில் இரண்டு கையையும் நீட்டினான்.

"குடு. செத்த நேரம் வெளிய காத்துல வச்சிருக்கேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவன் கை நீட்டியபடியே இருந்தது. மூட்டை பிடித்துப் பிடித்து விரல் மடங்கிப்போன கை. பிள்ளையும் அழுகையை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தது. அவள் கொடுத்தாள். அவன் மூட்டையை வாங்குகிற மாதிரி முதலில் தோளுக்குத் தூக்கப் பார்த்தான், அப்புறம் சுதாரித்துக்கொண்டு மார்போடு பிடித்துக்கொண்டான். நடக்க ஆரம்பித்தான். பிள்ளையின் தலை அவன் தோளுக்குமேல் தெரிந்தது. வாயை மூடிக்கொள்ளவில்லை.

குளியலறையில் தண்ணீர் ஐஸாக இருந்தது. அவள் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு அழுதாள். வெளியே நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றாள், குரல் உடைந்தது. பயத்தில் அழுகிறாள் என்று நினைத்து யாரோ தைரியம் சொன்னார்கள். இந்த ஆஸ்பத்திரி, இந்த டாக்டர், ஆபரேஷன் எல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோயிருந்தது. அவன் கை நீட்டினான். அது ஒன்றுதான் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அங்கியை மாட்டிக்கொண்டு வந்தபோது அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளை அழவில்லை. அவன் தோளில் சாய்ந்து, அவன் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. ஷெட்டில் இருந்தவர்களில் யாரோ ஏதோ கேலி சொல்ல, அவன் திரும்பிப் பார்த்து, "போடா, எம்மவ உன்ன மாதிரி அழுமூஞ்சி இல்ல" என்றான். அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அழவே இல்ல" என்றான். "சமத்தா இருந்தா."

"உங்கள புடிச்சுப்போச்சு போல."

அவன் பிள்ளையை நீட்டினான். ஆனால் பிள்ளை அவன் காதை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அவன் சட்டைத் தோளில் ஈரமாக இருந்தது. எச்சில் என்று நினைத்தாள். இந்தப் பிள்ளைக்கு எப்போதும் எச்சில் வடியும். தான் அந்தச் சட்டையைத் துவைக்கப்போவதை நினைத்தாள், அதுகூடச் சந்தோஷமாக இருந்தது.

தாழ்வாரம் மருந்து வாசனையாக இருந்தது. முதல் பிள்ளை, சூளைக்காரியின் பிள்ளை, உள்ளே போயிருந்தது. அடுத்தது இவள். ஊசி சிஸ்டர் பச்சை அங்கியும் தலையில் பச்சைக் குல்லாயுமாக வந்தார், அடையாளமே தெரியவில்லை. பிள்ளை பயந்து ஒட்டிக்கொண்டது.

"ஒண்ணும் குடுக்கலையே?" என்று வழக்கப்படி கேட்டார்.

"பச்சத்தண்ணி குடுக்கல சிஸ்டர். இவ தலை மேல சத்தியமா."

"சத்தியமெல்லாம் எதுக்கும்மா. உன்ன நம்பாம நான் யாரை நம்பப்போறேன்?"

சிஸ்டர் பிள்ளையை வாங்கி, சக்கரம் வைத்த கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்தார். பிள்ளை திமிறியது, முதுகை வளைத்தது, ஒரு விக்கல் எடுத்தது. மூக்கிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு இறங்கியது. அதோடு சேர்ந்து, ஊறிப்போன ரொட்டியின் ஒரு துணுக்கு.

சிஸ்டர் ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தார். பிள்ளையைச் சட்டென்று தூக்கி உட்காரவைத்து முதுகைத் தடவிவிட்டார். இன்னும் கொஞ்சம் வந்தது, இனிப்பு வாசனையோடு.

"பால்" என்றார்.

அவள் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கில் பால் வருவதை மூன்று வருஷமாகப் பார்த்தவள். ஆனால் இது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு உடனே எட்டவில்லை. எட்டியபோது அங்கியின் கையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள்.

சிஸ்டர் உள்ளே ஓடினார். கதவு ஆடி ஆடி நின்றது. உள்ளே பேச்சு கேட்டது, அவளுக்குப் புரியாத பாஷையில் பாதி, புரிகிற பாஷையில் பாதி. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் முகமூடியோடு வெளியே வந்து, பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்த்து, தலையை இடமும் வலமும் ஆட்டினார். கடைசி ஆளாக எடுக்க முடியுமா என்று சிஸ்டர் கெஞ்சினார். பெரிய டாக்டரே வந்தார், கையுறை போட்ட கையை மார்புக்கு நேரே உயர்த்திப் பிடித்தபடி. வயிறு காலியாக அரைநாளாவது போக வேண்டும், அதற்குள் ரயில் போய்விடும் என்றார். ஒருநாள் தங்க முடியாதா என்று சிஸ்டர் கேட்டார். அவர் அந்த உயர்த்திய கையோடு பிள்ளையைப் பார்த்தார். தொட முடியாது, தொட்டால் மறுபடியும் கழுவ வேண்டும். பிறகு உள்ளே போய்விட்டார். அங்கே சூளைக்காரியின் பிள்ளை மயங்கிக் கிடந்தது.

சிஸ்டர் குல்லாயைக் கழற்றினார். அழுத்தி அழுத்தி மடித்தார்.

"நீயே செய்வியா இதை?" என்றார். "மூணு வருஷம். ஒவ்வொரு வாரமும் அந்த முள்ளைப் பாத்துப் பாத்து... என் முகத்தைப் பாத்துச் சத்தியம் பண்றே."

அவள் திரும்பினாள். தாழ்வாரத்தின் கோடியில் கம்பிக் கதவு. அதற்கு அப்பால் அவன் நின்றான். ஆண்களுக்கு அதுவரைதான் அனுமதி. கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று தெரியாமல், கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைத் தோளில் அந்த ஈரம் காய்ந்து, வெள்ளையாகப் படர்ந்திருந்தது. சட்டைப் பையில் மிச்ச ரொட்டி தாளில் சுற்றி நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு கொடுக்கலாம் என்று வைத்திருப்பான்.

"யாரு குடுத்தது?" என்று சிஸ்டர் கேட்டார். இப்போது அவர் கண்ணும் அவள் கண் போன பக்கம் போகப் பார்த்தது.

"நான்தான் சிஸ்டர்."

"நீயா?"

"அழுதா. பசி தாங்கல. குளிக்கப்போற முன்னாடி... குடுத்துட்டேன். பயந்துக்கிட்டுச் சத்தியம் பண்ணிட்டேன்."

அவள் சத்தமாகத்தான் சொன்னாள். கம்பிக் கதவுவரை கேட்கிற மாதிரி. இந்தப் பழி அவன்மேல் விழுந்தால் அவன் அந்தக் கையை மறுபடி நீட்டமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அது மட்டும்தான் அந்த நேரத்தில் தெரிந்தது. மற்றது எதையும் காப்பாற்ற அவளிடம் வழி இல்லை.

சிஸ்டர் ரொம்பநேரம் அவளைப் பார்த்தார். நம்பினாரா என்று சொல்ல முடியாது. ஆயா கத்தரிக்கோலைக் கொண்டுவந்து நீட்டினாள். சிஸ்டர் பிள்ளையின் மணிக்கட்டில் இருந்த சிவப்பு நாடாவை வெட்டினார், வெட்டும்போது தோலில் படாமல் தன் விரலை நடுவில் கொடுத்து வெட்டினார்.

"பிள்ளைக்கு ஏதாவது குடு இப்போ" என்றார். "இனிமே குடுக்கலாம்." அடுத்த பிள்ளையின் தாயைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். பாதித் தாழ்வாரத்தில் நின்று, திரும்பாமலே, "நான் வேற எங்கயாவது கேட்டுப் பாக்கறேன்மா" என்றார். அந்தக் குரலில் இருந்ததை அவள் உப்பளத்தில் மழைநாளில் கேட்டிருக்கிறாள். பாத்தியில் விளைந்த உப்பு கண்ணெதிரே கரையும்போது, அடுத்த வெயிலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொல்கிற குரல்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கம்பிக் கதவுக்கு வந்தாள். அவன் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"உங்களுக்கு யாரும் சொல்லல" என்றாள். "நானும் சொல்லல. நீங்க எங்க தூக்கப்போறீங்கன்னு நினைச்சேன். என் தப்புதாங்க."

அவன் உதடு அசைந்தது. மூட்டை சுமக்கிற இடத்தில் எல்லோரையும் சிரிக்கவைக்கிற வாய், எதையோ தேடுவது போலத் திறந்து, ஒன்றும் அகப்படாமல் நின்றது.

பிள்ளை அவனைக் கண்டுகொண்டது. அவள் இடுப்பிலிருந்து முழு உடம்பையும் வெளியே சாய்த்து, கம்பிக்குள் கையை விட்டு, அவனிடம் போக வேண்டும் என்று எட்டியது. அவள் பிடி நழுவப் பார்த்தது.

"வாங்கிக்கங்க" என்றாள். "கூப்பிடறா பாருங்க."

அவன் கை பாதிவரை எழுந்தது. அங்கேயே நின்றது. அந்தக் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான், சட்டையில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு கம்பியிலிருந்த இன்னொரு கையையும் எடுத்தான்.

அவள் இன்னொருமுறை "ஏங்க" என்றாள்.

அவன் திரும்பி நடந்தான். முற்றத்தைக் கடந்தான். ஷெட்டில் இருந்தவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள், நிற்கவில்லை. அவன் பையும் துண்டும் அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன, எடுக்கவில்லை. கேட்டைத் திறந்து, ரோட்டில் இறங்கி, வந்த திசையா போகிற திசையா என்றுகூடப் பார்க்காமல், போய்க்கொண்டே இருந்தான்.